டப்ளின் அச்சகமும் சென்னைப் பேரவையும்: ஆல்ஃபிரட் வெப்பின் பொதுவாழ்வு

அயர்லாந்து நாட்டின் நாடாளுமன்ற அரசியலாளராகிய ஆல்ஃபிரட் வெப் என்பாரின் பொதுவாழ்வே இவ்வுரை எடுத்துக்கொண்ட பொருளாகும். 1834-ஆம் ஆண்டு டப்ளின் நகரில் பிறந்து, அச்சுத் தொழிலை நடத்தி, 1890 முதல் 1895 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவையாகிய காமன்ஸ் சபையில் மேற்கு வாட்டர்ஃபோர்டு தொகுதியின் உறுப்பினராக விளங்கி, 1908-ஆம் ஆண்டில் மறைந்தவர் அவர். அமைச்சர் பதவி எதனையும் அவர் வகித்ததில்லை. கட்சித் தலைமையை நாடியதுமில்லை. அக்கால அயர்லாந்துக் கட்சியின் தலைவராகிய பார்னெலின் பெயரை அறிந்தவர்கள் பல்லாயிரவர் இருக்க, வெப்பின் பெயரை அறிந்தவர்கள் அவர் பிறந்த நாட்டிலேயே சிலர்தாம். ஆயினும் 1894 டிசம்பரில் சென்னை மாநகரில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸின் பத்தாவது பேரவைக்குத் தலைமை வகித்தவர் இந்த அயர்லாந்துக்காரரே ஆவார்.

இது எவ்வாறு நேர்ந்தது? சொந்த நாடே அடிமைப்பட்டுக் கிடக்கும்போது பிறநாட்டு மக்களின் குறைகளைச் சுமக்க ஒருவருக்கு நேரமேது, மனமேது? தன் நாட்டை ஆளும் அரசு கடல்கடந்த நாடுகளில் செய்யும் தவறுகளுக்கு, அந்த அரசின் சபையில் அமர்ந்திருக்கும் தானும் பொறுப்பாளியே என்று ஒருவர் உண்மையாகவே நம்பினால், அவருடைய அரசியல் எந்த வடிவத்தைக் கொள்ளும்? இவ்வினாக்களுக்கு வெப்பின் வாழ்க்கை தரும் விடையே இவ்வுரையின் நாடி.

வெப் பிறந்த குடும்பம் குவேக்கர் சமயப் பிரிவைச் சார்ந்தது. நண்பர்கள் சங்கம் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் குவேக்கர்கள், குருமார் என்னும் தனி வகுப்பை ஏற்காதவர்கள். சத்தியம் செய்து சாட்சி சொல்ல மறுப்பவர்கள். போரை முற்றாக விலக்கியவர்கள். ஒவ்வொரு மனிதரிடத்தும் இறையொளி உறைகிறது என்பதனால் எந்த மனிதரையும் உடைமையாகக் கொள்ளுதல் பாவம் என்று கருதியவர்கள். ஆல்ஃபிரடின் தந்தை ரிச்சர்ட் டேவிஸ் வெப், டப்ளினில் அச்சகம் நடத்தியவர். 1837-இல் அந்நகரில் அடிமைமுறை எதிர்ப்புச் சங்கம் ஒன்றை நிறுவியோருள் ஒருவர். அமெரிக்காவில் அடிமைமுறைக்கு எதிராகப் போராடிய வில்லியம் லாயிட் கேரிசனின் நெருங்கிய தோழர். 1845-ஆம் ஆண்டில், அடிமைத்தளையை உடைத்துத் தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் தமது தன்வரலாற்றை வெளியிட்டதும், பழைய உடைமையாளர் பிடித்துச்சென்றுவிடக்கூடும் என்ற அச்சத்தால் அமெரிக்காவை விட்டு நீங்கி அயர்லாந்து வந்து சேர்ந்தார். அவருக்கு டப்ளினில் இடமளித்ததும், அவருடைய நூலின் அயர்லாந்துப் பதிப்பை அச்சிட்டுக் கொடுத்ததும் வெப் குடும்பமே. அப்போது சிறுவன் ஆல்ஃபிரடுக்கு வயது 11. விற்கப்பட்டும் வாங்கப்பட்டும் துன்புற்ற ஒரு மனிதர், தம் வாழ்க்கையைத் தாமே எழுதிய ஏடுகள் தந்தையின் அச்சகத்தில் எழுத்து எழுத்தாகக் கோக்கப்படுவதைக் காணும் வாய்ப்பு எத்தனை சிறுவர்களுக்குக் கிட்டும்?

அதே ஆண்டில்தான் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. தொடர்ந்து வந்த பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் கப்பலேறி அயல்நாடுகளுக்குச் சென்றனர். மக்கள் பசியால் மடிந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளிலும் நாட்டின் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடைகளும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன என்பது அயர்லாந்து மக்களின் நெஞ்சில் ஆறாத வடுவாக நிலைத்தது. குவேக்கர்கள் 1846-இல் நிவாரணக் குழு அமைத்துக் கஞ்சித்தொட்டிகளைத் திறந்தனர். ரிச்சர்ட் வெப் மேற்குக் கடலோரத்து மேயோ மாவட்டத்துக்கு நேரில் சென்று நிவாரணம் உரியவர்களைச் சென்றடைகிறதா என்று ஆராய்ந்து அறிக்கை அனுப்பினார். ஆக, அடிமைமுறையின் கொடுமையும் பஞ்சத்தின் கொடுமையும் ஒரே காலத்தில், ஒரே வீட்டின் பேச்சாக வெப்பின் இளமையில் ஒலித்தன. தொலைநாட்டுத் துன்பம் வேறு, வீட்டுவாசல் துன்பம் வேறு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவரிடம் இறுதிவரை தோன்றாமைக்கு இதனையே வேராகக் கொள்ளவேண்டும்.

இனி, அவர் நுழைந்த அரசியல் களத்தின் அமைப்பைச் சற்று விளக்குதல் வேண்டும். 1801-ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த இணைப்புச் சட்டம் டப்ளினில் இருந்த அயர்லாந்து நாடாளுமன்றத்தை ஒழித்து, அயர்லாந்தின் உறுப்பினர்கள் லண்டனிலுள்ள காமன்ஸ் சபைக்கே செல்லவேண்டும் என்று வகுத்தது. பெரும்பான்மையினர் கத்தோலிக்கர், நிலமோ பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் நிலக்கிழார்களின் கையில், உழுத குடியானவர் குத்தகையைக் கட்டத் தவறினால் வீட்டின் கூரையையே பிரித்துத் தெருவில் நிறுத்தும் வெளியேற்றங்கள் அன்றாட நிகழ்ச்சிகள். இந்நிலையை ஆயுதத்தால் மாற்ற முயன்ற ஃபீனியர் என்னும் புரட்சியாளர்கள் 1865 முதல் சிறைப்பட்டனர். அவர்களுடைய 1867-ஆம் ஆண்டு எழுச்சி எளிதில் ஒடுக்கப்பட்டது. வன்முறையை ஏற்காத வெப்பின் உள்ளத்தையும் அவர்களுடைய தியாகம் அசைத்தது. 1870-இல் ஐசக் பட் என்னும் வழக்கறிஞர் ஹோம் ரூல் இயக்கத்தைத் தொடங்கியபோது வெப் அதில் முன்வரிசையில் வந்து சேர்ந்தார். ஹோம் ரூல் என்பது பேரரசை விட்டுப் பிரிந்துபோவதன்று. உள்நாட்டுக் காரியங்களைக் கவனிக்க டப்ளினில் மீண்டும் ஒரு நாடாளுமன்றம் வேண்டும் என்னும் தன்னாட்சிக் கோரிக்கை. 1916-இல் அன்னி பெசன்ட் சென்னையில் தொடங்கிய இயக்கத்துக்கு ஹோம் ரூல் என்ற பெயர் அயர்லாந்திலிருந்தே வந்தது என்பது பலரும் அறிந்ததே.

இருபது ஆண்டுக்காலம், அதாவது 1870 முதல் 1890 வரை, வெப் நாடாளுமன்ற உறுப்பினர் அல்லர். அந்த இருபது ஆண்டுகளில் அவர் செய்தது என்ன? இயக்க அமைப்புகளின் பொருளாளராக இருந்து கணக்குகளைக் காத்தார். துண்டு வெளியீடுகளை அச்சிட்டார். ஏடுகளுக்குக் கட்டுரைகள் எழுதினார். பல ஆண்டுகளை அளித்து அயர்லாந்து வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்பு என்னும் பெருநூலை 1878-இல் வெளியிட்டார். நிலக்கிழார்களை எதிர்த்துப் பெண்கள் நடத்திய நிலச் சங்கத்துக்கும், தன்னாட்சி கேட்ட புராட்டஸ்டன்ட் சங்கத்துக்கும் அச்சு வேலைகள் அவருடைய அச்சகத்திலேயே நடந்தன. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற குரல் டப்ளினில் எழுந்தபோது அதற்கும் துணைநின்றார். வரலாற்றாசிரியர்கள் மேடைகளின் முழக்கங்களையே நாடிச்செல்வதனால் பொருளாளர்களை மறந்துவிடுகின்றனர். அது பெரும் பிழை. அமெரிக்காவில் குடியேறிய வேலைக்காரப் பெண்களும் கூலித் தொழிலாளர்களும் தம் சம்பளத்திலிருந்து அனுப்பிய சிறு தொகைகளே அந்த இயக்கத்தின் உயிர்நாடியாக இருந்தன. அப்பணம் ஒரு காசும் சிதறாமல் வெளியேற்றப்பட்ட குடியானவரைச் சென்றடைகிறது என்ற நம்பிக்கை குலைந்தால் இயக்கமே குலைந்துபோயிருக்கும். அந்த நம்பிக்கைக்குப் பிணையாக நின்ற நேர்மையாளர்களுள் ஒருவர் வெப்.

இதே காலத்தில்தான் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் அயர்லாந்துக் கட்சியை நாடாளுமன்றம் அதுவரை கண்டிராத படையணியாக மாற்றினார். வேட்பாளர் ஒவ்வொருவரும் கட்சியோடு அமர்ந்து, கட்சியோடு இயங்கி, கட்சியோடு வாக்களிப்பதாகவும், கட்சியின் முடிவை மீறினால் பதவி விலகுவதாகவும் எழுத்தால் உறுதிமொழி தரவேண்டும் என்ற விதி 1884-இல் வகுக்கப்பட்டது. உறுப்பினர்களுக்கு அரசு சம்பளம் தரத் தொடங்கியது 1911-இல்தான் என்பதனால், வசதியற்றவர்களுக்குக் கட்சி நிதியிலிருந்தே உதவித்தொகை அளிக்கப்பட்டது. கடைக்காரரும் பத்திரிகையாளரும் குடியானவர் மக்களும் சபைக்குள் நுழைய இதுவே வழிதிறந்தது. 1885 தேர்தலில் 86 இடங்களை வென்ற இக்கட்சி, லிபரல் கட்சிக்கும் கன்சர்வேடிவ் கட்சிக்கும் இடையே துலாக்கோலின் முள்ளாக நின்றது. 1886-இல் லிபரல் கட்சிப் பிரதமர் கிளாட்ஸ்டன் முதலாவது தன்னாட்சி மசோதாவைக் கொண்டுவந்ததும், அது 30 வாக்குகளால் தோற்றதும் இந்த வலிமையின் விளைவுகளே.

1890-இல் மேற்கு வாட்டர்ஃபோர்டு தொகுதியின் இடைத்தேர்தலில் வெப் உறுப்பினரானார். வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். தேர்ந்தெடுக்கப்பட்டவரோ குவேக்கர் குடும்பத்து மகன். சமயத்தால் பிளவுண்ட நாடு என்று அயர்லாந்தைப் பற்றி லண்டனில் பரப்பப்பட்ட கருத்துக்கு இத்தகைய தொகுதிகள் அளித்த மறுப்பு, நூறு கட்டுரைகளினும் வலியது. ஆனால், அவர் சபையில் அமர்ந்து ஓராண்டு நிறையுமுன்பே கட்சியின் தலையில் இடி விழுந்தது. 1890 நவம்பரில் ஓ'ஷே என்பவர் தொடுத்த மணவிலக்கு வழக்கில் உடன்பிரதிவாதியாகிய பார்னெலுக்கு எதிராகத் தீர்ப்பளிக்கப்பட்டது. பார்னெல் தலைவராக நீடித்தால் தம் கட்சியால் தன்னாட்சியை நிறைவேற்ற இயலாது என்று கிளாட்ஸ்டன் தெரிவித்தார். நாடாளுமன்றக் கட்டடத்தின் 15-ஆம் குழு அறையில் நாள் கணக்காக நடந்த விவாதத்தின் முடிவில், டிசம்பர் 6 அன்று கட்சியின் துணைத்தலைவர் ஜஸ்டின் மெக்கார்த்தி பெரும்பான்மையினரோடு வெளியேறினார், கட்சி இரண்டாயிற்று. வெப் பார்னெலுக்கு எதிரணியில் நின்றார்.

அது எளிய முடிவா? எவருடைய ஆற்றலால் கட்சி சிகரம் ஏறியதோ அவரையே கைவிடும் முடிவு அது. நன்றி ஒருபுறம், நாட்டின் நலன் மறுபுறம். தனிமனிதரின் மானம் ஒருபுறம், முன்னரே கையெழுத்திட்ட உறுதிமொழியின்படி பெரும்பான்மைக்குக் கட்டுப்படும் கடமை மறுபுறம். பார்னெலை வீழ்த்தியது சமய ஒழுக்கத்தின் கெடுபிடி என்று கூறுவோர் உளர். அதில் உண்மையும் உண்டு. ஆயினும், எந்தத் தலைவரும் இயக்கத்தைத் தம் உடைமையாக்கிக்கொள்ள உரிமையற்றவர் என்ற கோணத்திலிருந்து நோக்கினால், வெப் சென்ற பக்கமே சரியான பக்கம் என்று துணிந்து கூறலாம். 1891 அக்டோபரில் பார்னெல் மறைந்த பின்னரும் பிளவு ஆறவில்லை. 1892 பொதுத்தேர்தலில் பார்னெல் எதிர்ப்பு அணியின் வேட்பாளராகவே வெப் மீண்டும் வெற்றிபெற்றார்.

1893-இல் கிளாட்ஸ்டன் இரண்டாவது தன்னாட்சி மசோதாவைக் கொண்டுவந்தார். மாதக்கணக்கில் நடந்த விவாதத்துக்குப் பின் செப்டம்பர் தொடக்கத்தில் காமன்ஸ் சபை அதனை நிறைவேற்றியது. ஒரு வாரத்துக்குள் பிரபுக்கள் சபை 419-க்கு 41 என்ற கணக்கில் அதனைத் தூக்கி எறிந்தது. மக்கள் எவரும் தேர்ந்தெடுக்காத ஒரு சபை, மக்கள் தேர்ந்தெடுத்த சபையின் முடிவை ஒரே வாக்கெடுப்பில் அழித்த அந்நிகழ்ச்சியை உறுப்பினராக இருந்து கண்டவர் வெப்.

இனி இந்தியாவுக்கு வருவோம். 1891-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அயர்லாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 47 லட்சம். அவர்களுக்குக் காமன்ஸ் சபையில் 103 இடங்கள். இந்தியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 28 கோடி. அவர்களுக்கு ஓர் இடமும் இல்லை. இந்தியாவின் வரவுசெலவுக் கணக்கு கூட்டத்தொடரின் கடைசி நாள்களில், காலியான இருக்கைகளின் முன்னே படிக்கப்படுவதே வழக்கம். இக்கொடுமையை அயர்லாந்து அரசியலாளர்கள் சிலர் முன்னரே உணர்ந்திருந்தனர். அயர்லாந்துத் தொகுதி ஒன்றிலிருந்து இந்தியத் தலைவர் தாதாபாய் நௌரோஜியை உறுப்பினராக்கலாம் என்று 1880-களில் அவர்களுள் ஒருவராகிய மைக்கேல் டேவிட் பார்னெலிடம் கூறினார். பார்னெல் தயங்க, அந்த எண்ணம் நிறைவேறாமல் போயிற்று. நௌரோஜி 1892-இல் லண்டனின் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியில் ஐந்துக்கு மேற்படாத வாக்கு வேறுபாட்டில் தாமே வென்று சபைக்குள் வந்தார். இந்தியாவின் குறைகளைக் கவனிக்க உறுப்பினர்கள் சிலர் சேர்ந்து அமைத்த இந்திய நாடாளுமன்றக் குழுவில் வெப் இணைந்தார். சென்னைப் பேரவைக்குத் தலைமை வகிக்கும் அழைப்பு அவருக்கு வந்ததில் நௌரோஜியின் நட்புக்குப் பெரும்பங்கு உண்டு.

காங்கிரஸ் தலைவர்களுக்கு இது துணிச்சலான தேர்வு. அதற்கு முன் ஜார்ஜ் யூலும் வில்லியம் வெட்டர்பர்னும் தலைமை வகித்திருந்தனர் எனினும், முன்னவர் கல்கத்தா வணிகர், பின்னவர் பம்பாய் ஆட்சிப்பணியில் இருந்தவர். அயர்லாந்துக் கட்சியின் உறுப்பினரோ, ஆளும் வர்க்கத்தின் கண்ணில் அரசத்துரோகத்துக்கு அடுத்த படியில் நிற்பவர். அயர்லாந்தோடு கைகோத்தால் காங்கிரஸுக்கும் அந்தப் பழி ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சியோர் காங்கிரஸிலேயே பலர் இருந்தனர். அவ்வச்சத்தை மீறி அழைப்பு விடுத்த பெருமை அன்றைய தலைவர்களைச் சாரும். அறுபதாம் வயதில் கடல்கடந்து வந்த பெருமை வெப்பைச் சாரும்.

1894 டிசம்பர் இறுதி வாரத்தில் சென்னையில் கூடிய பேரவையின் வரவேற்புக் குழுவுக்கு ரங்கையா நாயுடு தலைவர். வந்திருந்த பிரதிநிதிகள் 1100-க்கும் மேற்பட்டோர். தாம் எந்த உரிமையில் அந்த இருக்கையில் அமர்ந்திருக்கிறார் என்பதை வெப் தம் தலைமையுரையின் தொடக்கத்திலேயே விளக்கினார். அமெரிக்க அடிமைமுறைக்கு எதிரான போராட்டமே தம்மை வளர்த்தது என்றும், அடிமைப்பட்டிருத்தலின் கசப்பைத் தம் சொந்த நாட்டிலேயே சுவைத்தவர் தாம் என்றும், கொடுமை எங்கு நடந்தாலும் வெறுப்பதாயினும் தம்முடைய அரசே அதனைச் செய்யும்போது அதில் தமக்கும் ஓரளவு பொறுப்பு உண்டாகிவிடுவதனால் கூடுதலாக வெறுப்பதாகவும் அவர் கூறினார். இக்கருத்தை அவையோர் ஆழ்ந்து எண்ணிப்பார்க்க வேண்டும். அடிமைப்பட்ட நாட்டினர் என்ற முறையில் அயர்லாந்துக்காரர் இந்தியரின் தோழர். பேரரசின் சபையில் வாக்களிக்கும் உறுப்பினர் என்ற முறையில் அவர் இந்தியாவை ஆளும் அமைப்பின் ஓர் அங்கம். முதல் உண்மையை மட்டும் கூறிக் கைதட்டல் பெறுவது எளிது. இரண்டாவது உண்மையையும் ஆயிரம் பேர் முன்னிலையில் தம்மீது சுமத்திக்கொண்டதே வெப்பின் பெருமை.

அந்தப் பேரவையின் முன் நின்ற பிரச்சினைகளும் சிறியன அல்ல. அதே டிசம்பர் மாதத்தில் இந்திய அரசு இறக்குமதியாகும் பருத்திப் பொருள்களுக்கு 5 விழுக்காடு சுங்கவரி விதித்தது; அவ்வரியால் லங்காஷயர் ஆலைகளுக்கு இழப்பு வராமல் இருக்கும்பொருட்டு, இந்திய ஆலைகள் நூற்கும் 20-ஆம் எண்ணுக்கு மேற்பட்ட நூலுக்கும் அதே அளவில் உற்பத்தி வரி போட்டது. தன் நாட்டுத் தொழிலுக்குத் தன் அரசே தண்டனை விதிக்கும் இவ்விந்தையைக் கண்டித்துப் பேரவை தன் முதல் தீர்மானத்தை நிறைவேற்றியது. அயர்லாந்துக்காரர் ஒருவருக்கு இதனை விளக்கிச்சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலேய நெசவாளருக்குப் போட்டியாகிறது என்பதற்காக அயர்லாந்தின் கம்பளித் துணி ஏற்றுமதியை முடக்கிய 1699-ஆம் ஆண்டுச் சட்டத்தை அந்நாட்டுப் பள்ளிப்பிள்ளையும் அறியும். ஆட்சிப்பணித் தேர்வை லண்டனிலும் இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்தவேண்டும் என்று காமன்ஸ் சபை 1893 ஜூனில் 84-க்கு 76 என்ற வாக்கில் நிறைவேற்றிய தீர்மானமும், அரசு அதனைச் செயற்படுத்த மறுத்தமையும் மற்றொரு குறை.

இவை எல்லாவற்றினும் தமிழருக்கு நெருக்கமான தீர்மானம் தென்னாப்பிரிக்காவைப் பற்றியது. 1860 நவம்பரில் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நேட்டால் போய்ச்சேர்ந்த முதற் கப்பல் புறப்பட்டது சென்னைத் துறைமுகத்திலிருந்தே. அவர்கள் உழைப்பால் கரும்புத் தோட்டங்கள் செழித்த பின், அங்குள்ள இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்க 1894-இல் நேட்டால் சட்டசபை மசோதா ஒன்றைக் கொண்டுவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் காந்தி நேட்டால் இந்தியக் காங்கிரஸைத் தொடங்கினார். டிசம்பரில், வெப்பின் தலைமையில், அந்த மசோதாவுக்கு அரசியார் ஒப்புதல் தரலாகாது என்று சென்னைப் பேரவை தீர்மானித்தது. டக்ளஸின் நூல் அச்சான வீட்டில் வளர்ந்தவரின் முன்னிலையில் அத்தீர்மானம் நிறைவேறியது பொருத்தத்திலும் பொருத்தம்.

நாடு திரும்பிய வெப்புக்கு நாடாளுமன்ற வாழ்வு நீடிக்கவில்லை. பார்னெல் எதிர்ப்பு அணிக்குள்ளேயே டில்லன் தரப்பும் ஹீலி தரப்பும் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டிருந்தன. 1895-இல் அவர் பதவியை விட்டு விலகினார். அதே ஆண்டுப் பொதுத்தேர்தலில் நௌரோஜியும் தோற்றார். ஆனால் அவ்விருவரும் எழுப்பிய கேள்விகள் சபையை விட்டு வெளியேறவில்லை. அயர்லாந்தின் வரிச்சுமையை ஆராய்ந்த அரசு ஆணையம், நாட்டின் வரி செலுத்தும் திறன் கிரேட் பிரிட்டனுடையதில் இருபதில் ஒரு பங்குக்கு மேற்படாதிருக்க, கிரேட் பிரிட்டன் செலுத்தும் வரியில் பதினொன்றில் ஒரு பங்கு அதனிடம் வாங்கப்படுகிறது என்று 1896-இல் அறிக்கை தந்தது. இந்தியாவின் செலவுகளை ஆராய 1895-இல் அமைந்த வெல்பி ஆணையத்தில் நௌரோஜி உறுப்பினராக அமர்ந்து, இந்தியச் செல்வம் வடிந்தோடுவதைப் புள்ளிவிவரங்களோடு நிறுவ முயன்றார். அயர்லாந்துக் கட்சியோ, 1903-இல் குடியானவர்கள் நிலத்தைச் சொந்தமாக வாங்க வழிசெய்த பெரும் சட்டத்தைக் கண்டது. நாடாளுமன்ற வழி வெறும் பேச்சு வழி என்று இகழ்வோர், கூரை பிரிக்கப்பட்ட குடியானவர் ஒரு தலைமுறைக்குள் நிலவுடைமையாளரானதை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

எனினும் அவ்வழியின் எல்லைகளையும் மறைப்பதற்கில்லை. நேட்டால் மசோதாவை லண்டன் அரசு ஏற்க மறுத்தது உண்மையே. அதன்பின் 1896-இல் நேட்டால் வேறொரு சட்டம் இயற்றியது. இந்தியர் என்ற சொல்லே அதில் இல்லை. நாடாளுமன்ற வாக்குரிமையை அடிப்படையாகக் கொண்ட தேர்தல் அமைப்புகள் இல்லாத நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் வாக்குரிமை இல்லை என்று மட்டும் கூறியது. லண்டன் அதற்கு ஒப்புதல் தந்தது. இந்தியாவுக்கு நாடாளுமன்றத்தில் இடமளிக்க மறுத்தது எந்த அரசோ, அந்த மறுப்பையே காரணமாக்கி இந்தியரின் வாக்கைப் பறிக்க அனுமதித்ததும் அதே அரசு. 28 கோடி மக்களுக்கு ஓர் இடமும் இல்லாத சபையைப் பற்றி வெப் கொண்டிருந்த கவலை எத்துணை நியாயமானது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவர் தலைமை வகித்த காங்கிரஸ் 1907 டிசம்பரில் சூரத் நகரில், மிதவாதிகள் என்றும் தீவிரவாதிகள் என்றும் பிளந்தது. பதினேழு ஆண்டுகளுக்கு முன் 15-ஆம் குழு அறையில் அயர்லாந்து கண்டதை இந்தியா அங்கே கண்டது. சூரத்திலிருந்து தூத்துக்குடி திரும்பிய வ. உ. சிதம்பரம் பிள்ளைக்குத் திருநெல்வேலி நீதிமன்றம் 1908 ஜூலை 7 அன்று இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. அதே மாதம் 30-ஆம் நாள், ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளுக்கு ஓய்வுக்காகச் சென்றிருந்த ஆல்ஃபிரட் வெப் தமது 74-ஆம் வயதில் காலமானார். அயர்லாந்துக்குத் தன்னாட்சி அப்போதும் கிட்டவில்லை. மூன்றாவது மசோதாவுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. தென்னாப்பிரிக்காவிலோ, நேட்டாலின் அண்டை நாடாகிய டிரான்ஸ்வாலில், தமிழர்கள் விண்ணப்பங்களை எழுதுவதை விட்டுச் சிறைக்குச் செல்லத் தொடங்கியிருந்தனர்.